காற்றைக் கேட்காமல் துணி காயப்போடும் ஊர்

“இன்னா ரேவு, அங்க மட்டும் காத்து வேறயாவா கீது?”

நான் ஹாம்பர்குக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் ஏழுமலை மாமா இப்படிக் கேட்டார். என் அக்கா சுமதியின் கணவர். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார். அன்று இன்ஜினைக் கழற்றி, வாசலில் பழைய லுங்கி ஒன்றை விரித்து, பாகங்களை அதன்மேல் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தார். வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொரு காற்றையும் சொந்தக்காரர்களைப்போலப் பெயர் சொல்லிப் பேசுகிற மனிதர். அவர் காற்றைப் பற்றிக் கேட்டால் பாதி கேலி என்றாலும் மீதிப் பாதி நிஜமான கேள்விதான்.

“காத்து எல்லா எடத்துலயும் ஒண்ணுதான் மாமா. ஊருதான் வேற,” என்றேன்.

“அப்ப இன்னாத்துக்கு அவ்ளோ தூரம்? ராயபுரத்துல எறங்கி நின்னாலும் ஊரு வேறதான்.”

அக்கா உள்ளேயிருந்து, “நீ உன் இஞ்சின பாரு. அவ ஆபீஸ் வேலயா போறா, காத்து வாங்கவா போறா?” என்றாள்.

நான் பாரிமுனையில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கன்டெய்னர் பெட்டிகளுக்கான காகிதங்களைத் தயாரிப்பது என் வேலை. புதிய மென்பொருள் ஒன்றைக் கற்றுக்கொண்டு வரும்படி பத்து நாள் அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆள், விமானம் ஏறிய முதல் ஆள். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அக்கா நான்காம் வகுப்போடு நின்று அம்மாவுடன் மீன் கூடை தூக்கினாள். அம்மா போன பிறகு அந்தக் கூடையைத் தனியாகத் தூக்கி என்னைப் படிக்கவைத்தாள். இன்றைக்கும் நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன்.

அக்காவுக்கு ஒரே பெண், கீர்த்தனா. ஏழு வயது. இரண்டு வருடமாக அவளுக்கு இழுப்பு. சில நாள் மூச்சு விடும்போது கழுத்துக்குக் கீழே குழி விழும். மருந்து எழுதிக்கொடுத்த டாக்டர் கடைசியில், “எடத்த மாத்திப் பாருங்க,” என்றார். “போட்டையும் சேத்து மாத்தணுமா சார்?” என்று மாமா கேட்டார். டாக்டர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

நான் வேறு பக்கம் வீடு பார்த்துக் கீர்த்துவை என்னோடு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா நான்கு நாள் என்னிடம் பேசவில்லை. நான் பெட்டி கட்டிய அன்றும் அந்தப் பேச்சு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

விமானத்தில் ஒரு பத்திரிகை கிடைத்தது. வாழ்வதற்குச் சிறந்த நகரங்கள் எவை என்று ஒரு கட்டுரை. பூங்கா, ரயில், நூலகம், சைக்கிள் பாதை, நல்ல காபி என்று பட்டியல். படங்களில் இருந்தவர்கள் யாரும் எங்கேயும் அவசரமாகப் போகவேண்டியவர்களாகத் தெரியவில்லை. படிக்கப் படிக்க எனக்கு வீம்பு ஏறியது. எங்களுக்கும் கடல் இருக்கிறது, ஆறு இருக்கிறது, ரயில் இருக்கிறது, துறைமுகம் ஒன்றுக்கு மூன்று இருக்கிறது என்று மனத்துக்குள் எதிர்ப்பட்டியல் போட்டுக்கொண்டே போய் இறங்கினேன்.

அல்டோனா என்ற பகுதியில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் அலுவலகம் எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தது. மறுநாள் காலை எழுந்ததும் ஜன்னல் விளிம்பில் விரலை இழுத்துப் பார்த்தேன். விரல் விரல் நிறத்திலேயே இருந்தது. நம்பாமல் அலமாரியின் மேல்பக்கம் இழுத்துப் பார்த்தேன். லேசான வெள்ளைத் தூசி. யாரோ துடைக்க மறந்தது, அவ்வளவுதான்.

எங்கள் குப்பத்தில் எல்லா வீட்டிலும் இந்தப் பழக்கம் உண்டு. வடக்கே ஆற்றைத் தாண்டினால் புகைபோக்கிகள், நிலக்கரிக் குவியல்கள், அதற்கும் அப்பால் காட்டுப்பள்ளித் துறைமுகம். கடல் பக்கமிருந்து காற்று வந்தால் பிழைத்தோம். வாடைக்குத் திரும்பினால் சாம்பலும் கரித்தூளும் வரும். அதனால் விரல் கறுக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஜன்னலைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வோம். பல் துலக்குவதற்கு முன்னால் செய்கிற காரியம் அது. பல் துலக்குவது போலவே அதையும் நான் ஒரு வழக்கமாக நினைத்ததில்லை, ஹாம்பர்கில் அந்தச் சுத்தமான விரலைப் பார்க்கும் வரை.

அலுவலகத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் உல்ரிக்கே. ஐம்பதை நெருங்குகிற உயரமான பெண்மணி. அங்கே வணக்கம் சொல்வதற்குக் காலையிலும் “மொய்ன்”, சாயங்காலமும் “மொய்ன்”. ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு நாள் முழுவதையும் ஓட்டுகிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பே பற்றவைப்பதில்லை. ரொட்டி, பாலாடைக் கட்டி, வெள்ளரிக்காய். இரண்டாம் நாளே அக்காவின் காரக்குழம்பு கனவில் வந்தது. மீதி ரொட்டியை இட்லிப்பொடியில் தொட்டுச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் பேருந்து நான்கு நிமிடம் தாமதம். ஓட்டுநர் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவரிடம் என்னவென்று கேட்டேன். “மன்னிப்புக் கேட்கிறார்,” என்றார். நான்கு நிமிடத்துக்கு! பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக எங்கள் ரயில் நிற்கும் நேரத்துக்கு யாராவது மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால் அவருக்குத் தொண்டை கட்டிவிடும்.

அன்று சாயங்காலம் படகில் தவறான பக்கம் போய்ச் சேர்ந்தேன். எல்பே ஆற்றில் டவுன் பஸ் மாதிரிப் படகு ஓடுகிறது, பேருந்துச் சீட்டே அதற்கும் செல்லும். படகுக்காரர் வீட்டுப் பெண் நான். படகில் எதைக் கேட்க வேண்டும் என்ற திமிரில் எண்ணைப் பார்க்காமல் ஏறிவிட்டேன். எதிர்க்கரையில் கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். அடுத்த படகு வரும்வரை துறையில் நின்று நான் வந்த கரையைப் பார்த்தேன். மேட்டில் மரங்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பெரிய வீடுகள். எல்லா வீட்டுக்கும் துறைமுகத்தைப் பார்த்தபடி ஜன்னல்கள்.

மறுநாள் மதியம் சாப்பிடும்போது உல்ரிக்கேயிடம் அவை யாருடைய வீடுகள் என்று கேட்டேன்.

“பணக்காரர்கள். பழைய கப்பல் முதலாளிகள் கட்டியவைதான் பல. தங்கள் கப்பல் வருவதைப் பார்க்க வேண்டாமா?” என்றார்.

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். முதலாளி தன் கப்பலைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்கிறார். கப்பல் புகை கக்கினால் அது அவருடைய காபியிலும் விழும். எங்கள் பக்கத்துப் புகைபோக்கிகளுக்குச் சொந்தக்காரர் யார் என்று குப்பத்தில் யாருக்கும் தெரியாது. அவர்கள் எந்தத் திசையில் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. அந்தப் புகை வீசுகிற திசையில் இல்லை, அது மட்டும் நிச்சயம்.

ஐந்தாம் நாள் நான் திருடியாகத் தெரிந்தேன்.

எங்கள் தெருவில் ஓர் ஏற்பாடு உண்டு. வாடை திரும்புவதை முதலில் பார்க்கிறவர், “வாடை வந்துச்சேய்!” என்று கூவ வேண்டும். கூவிவிட்டுத் தன் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடக் கூடாது. தெருவில் யார் கொடியில் என்ன காய்ந்தாலும் சேர்த்து உருவிக்கொண்டு வர வேண்டும். மீன் விற்கப் போனவள், கம்பெனிக்குப் போனவள், தூங்குகிறவன் எல்லாருடைய துணியும் ஒரே கட்டிலில் குவியும். அப்புறம் உட்கார்ந்து பிரிப்போம். “யாரு நைட்டிமே இது, கொசுவலயாட்டம் கீது?” என்று ஒரு சிரிப்பு. யாருடைய ஜாக்கெட்டில் எத்தனை ஊக்கு என்பதுவரை எனக்கு மனப்பாடம்.

அல்டோனா கட்டடத்தின் பின்முற்றத்திலும் பொதுவான கொடிகள் இருந்தன. அன்று நல்ல வெயில். வீட்டிலிருந்தே பயிற்சிப் பாடத்தைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆற்றுக்கு அப்பால் ஒரு புகைபோக்கியில் வெள்ளையாகப் புகை. அதுவரை நேராக எழும்பிக்கொண்டிருந்த புகை மெல்ல வளைந்து எங்கள் பக்கம் சாய்ந்தது.

நான் யோசிக்கவே இல்லை. மூன்று மாடி இறங்கி ஓடினேன். முற்றத்தில் நின்று தொண்டை கிழிய, “வாடை வந்துச்சேய்!” என்று கூவினேன். பிறகு கொடியில் இருந்த படுக்கை விரிப்பு, சட்டை, குழந்தைத் துணி எல்லாவற்றையும் உருவித் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டை நோக்கி ஓடினேன். பாதித் துணி ஈரம்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த ஒரு பெண் என்னை மறித்தாள். என்னைவிடச் சில வயது மூத்தவளாக இருப்பாள்.

“அது என் கணவருடைய சட்டை,” என்றாள் ஆங்கிலத்தில்.

“இருக்கலாம். காற்று திரும்பிவிட்டது.”

அவள் வானத்தைப் பார்த்தாள். “மழையா?”

“இல்லை. சாம்பல்.”

“எங்கே தீ?”

நான் கையை நீட்டிக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, “அது வெறும் நீராவி,” என்றாள். சந்தேகம் போய் அவள் முகத்தில் வேறு ஏதோ வந்தது. அதற்குச் சந்தேகமே தேவலை. “உங்கள் ஊரில் காற்றில் சாம்பல் வருமா?”

“எப்போதாவது,” என்றேன். பொய். ஆனால் அந்த இடத்தில் உண்மையைச் சொன்னால் என் தெரு முழுவதையும் அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதுபோல இருக்கும். என் அக்கா ஒரு நாளைக்கு நான்கு முறை வீடு பெருக்குகிறவள். அவளைப் பார்த்து யாரும் அப்படி முகத்தை வைத்துக்கொள்வதை நான் விடமாட்டேன்.

இரண்டு பேரும் துணிகளைத் திரும்பக் காயப்போட்டோம். தன் வீட்டுத் துணியைத் தவிர மற்றவை யாருடையவை என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவேண்டிய அவசியம் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் ஒருநாளும் வந்ததில்லை.

ஊரில் மேடைகளில் பேசுகிறவர்கள் எங்களைப் பார்த்து, “உங்க ஒத்துமை வேற எங்கயும் கிடையாது,” என்பார்கள். கைதட்டியிருக்கிறேன். அன்று அந்த முற்றத்தில் நின்றபோது கைதட்டியதற்குக் கூச்சமாக இருந்தது. எங்களை ஒன்றாக ஓடவைத்தது சாம்பல். சாம்பல் இல்லாத இடத்தில் அவரவர் துணி அவரவர் கொடியில் காய்கிறது, காய்ந்ததும் மடித்து வைக்கிறார்கள். இதில் குறைப்பட்டுக்கொள்ள எதுவும் இல்லை.

இந்தக் கதையை மறுநாள் சிரித்துக்கொண்டே உல்ரிக்கேயிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “என் அம்மாவும் ஜன்னலில் விரல் வைத்துப் பார்ப்பாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தோம்,” என்றார்.

“பிறகு எப்படி மாறியது?”

“புகார் கொடுத்தார்கள். திரும்பவும் கொடுத்தார்கள். நிறைய வருடம்.” அவர் தோளைக் குலுக்கினார். “ஒருநாள் ஆள் வந்து பார்த்தான்.”

நாங்களும் கொடுத்திருக்கிறோம். மனு எழுதிக் கொடுத்தவளே நான்தான், ஒன்பதாம் வகுப்பிலிருந்து. குப்பத்தில் எழுதத் தெரிந்த பெண் என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் கையெழுத்து அழகு என்று ஓர் அதிகாரி பாராட்டினார். ஆள் வரவில்லை.

சனிக்கிழமை விடுமுறை. ஆற்றங்கரையில் ஒரு மணல்வெளி இருக்கிறது, எதிரே முழுத் துறைமுகமும் தெரியும். குடும்பம் குடும்பமாக மணலில் உட்கார்ந்து கப்பல் பார்க்கிறார்கள். நான் பன்னுக்குள் உப்பில் ஊறிய மீனை வைத்து விற்கும் கடையில் ஒன்று வாங்கிக்கொண்டேன். பச்சை வெங்காயம் வைத்துத் தருகிறார்கள். மீன் எங்கள் மத்திக்குத் தூரத்துச் சொந்தம். மிளகாய் மட்டும் கண்டிருந்தால் தேறியிருக்கும்.

இரண்டாவது கடி கடிக்கும்போது அக்கா கூப்பிட்டாள். ஊரில் அப்போது பிற்பகல் மூன்றரை. ஹாரன் சத்தத்தில் அவள் குரல் பாதிதான் கேட்டது.

“ரேவு, வண்டி நவுரவே மாட்டேங்குதுடி. ரெண்டு பக்கமும் பொட்டி லாரி. பாப்பாக்கு மூச்சு இஸ்துகினு கீது.”

“பம்பு குடுத்தியா?”

“ரெண்டு தபா குடுத்தேன். அடங்கல.”

“மாமா எங்க?”

“கடல்ல கீறாரு. போன் எடுக்கல.”

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் லாரி வரிசை எனக்குத் தெரியும். ஆட்டோ அதில் சிக்கினால் பின்னாலும் வர முடியாது. “எறங்கி நட அக்கா. தூக்கினு நட,” என்றேன். ஊரிலிருந்து அவ்வளவு தூரத்தில் நின்றுகொண்டு நான் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

அக்கா போனை வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே நடந்தாள். அவள் செருப்புச் சத்தம், லாரிகளின் உறுமல், “நவுருங்கண்ணா, கொயந்த, நவுருங்கண்ணா” என்ற அவள் குரல், அதற்கு அடியில் கீர்த்துவின் மூச்சு. விசில் ஊதுவதுபோல. என் முன்னால் ஆற்றில் ஒரு கப்பல் சத்தமே இல்லாமல் போனது. மேலே ஆயிரக்கணக்கில் பெட்டிகள். பக்கத்தில் ஒரு குழந்தை அதைப் பார்த்துக் கையாட்டியது.

“ஆஸ்பத்திரி வந்துட்சி,” என்றாள் அக்கா. தொடர்பு அறுந்தது. பன்னைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். மீனைக் குப்பையில் போட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குரல் செய்தி வந்தது: “இப்ப பரவால்ல. தூங்கறா. நீ துன்னியா?”

திங்கட்கிழமை பயிற்சியில் உலக வரைபடம் ஒன்றைத் திரையில் காட்டினார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு புள்ளி. நகர்ந்தால் பச்சை, காத்திருந்தால் சிவப்பு. சென்னைக்கு வடக்கே சிவப்பாக ஒரு கொத்து. “இவை ஏன் இவ்வளவு நேரம் நிற்கின்றன?” என்று ஒருவர் கவலையுடன் கேட்டார். கேள்வி என்னைப் பார்த்துத்தான். எழுந்து நின்று விளக்கினேன், நன்றாகவே விளக்கினேன், தலையாட்டினார்கள். ஒரு பெட்டி காத்திருந்தால் அங்கே ஒருவர் முகம் வாடுகிறது. அந்தப் பெட்டிகளுக்கு நடுவே நடந்த என் அக்காவுக்கு அந்தத் திரையில் எந்த நிறமும் இல்லை. அந்தப் பெட்டிகளில் சிலவற்றுக்குக் காகிதம் எழுதியவளும் நான்தான்.

ஊர் திரும்பியதும் விமான நிலையத்திலிருந்து நேராக சென்ட்ரல் வந்து கும்மிடிப்பூண்டி ரயில் பிடித்தேன். பேசின் பிரிட்ஜில் வழக்கம்போல நின்றது. மன்னிப்பு எதுவும் இல்லை. பெண்கள் பெட்டியில் என் எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்தவள், என் பெட்டியில் ஒட்டியிருந்த விமானச் சீட்டைப் பார்த்துவிட்டு, “ஃபாரினா?” என்றாள்.

“ஆமாக்கா.”

“ஊரு எப்டி கீது?”

“நல்லா இருக்குது.”

“அப்பால இன்னாத்துக்கு வந்த?” என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

கல்லூரி நாட்களில் தோழிகளிடம் ஒரு பந்தயம் கட்டுவேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் மூக்கை வைத்தே ஸ்டேஷன் சொல்வேன் என்று. கொருக்குப்பேட்டை ஒரு வாடை, திருவொற்றியூர் தாண்டினால் எண்ணெய் வாடை, கத்திவாக்கத்தில் தொண்டையைக் கரகரக்கவைக்கும் இன்னொன்று. ஒருமுறைகூடத் தோற்றதில்லை. அன்று கண்ணை மூடாமலே எல்லாம் வரிசையாக வந்தன. பந்தயத்தில் ஜெயித்தபோதெல்லாம் நான் எதை ஜெயித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்துக்கொண்டு எண்ணூரில் இறங்கினேன்.

வீட்டில் கீர்த்து சாக்லேட் பொட்டலத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். மாமா கோரைப்பாயில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“சொல்லு மச்சினிச்சி. காத்து வேறயா?”

“வேறதான் மாமா,” என்றேன். “அங்க யாரும் காத்தக் கேட்டுட்டுத் துணி காயப்போடுறதில்ல.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். நான் அந்த நின்றுபோன பேச்சைத் திரும்ப எடுத்தேன். கீர்த்து என்னோடு இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டிவருகிறேன் என்றேன்.

அக்கா பாத்திரத்தை டக்கென்று வைத்தாள். “பெத்தவ உயிரோட கீறேன். பொண்ண எங்கியோ அனுப்ச்சிட்டு நான் இங்க மீனு அரிஞ்சிகினு கீட்டுமா? தெருவுல எல்லாருந்தான் கீறாங்க. எல்லாங் கொயந்தையும் கீது.”

“எல்லாக் கொழந்தைக்கும் இழுக்குதா அக்கா?”

“உன்ன இந்தக் காத்துலதான்டி வளத்தேன். நீ பிளேன்ல போயிட்டு வரல?”

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் வெளியிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

“வாடை வந்துச்சேய்!”

மெல்லிய, கீச்சென்ற குரல். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது கீர்த்து எழுந்து வெளியே போனதை யாரும் பார்க்கவில்லை. நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் அவள் மூன்றாவது வீட்டுக் கொடியில் இருந்தாள். எட்டாத கொடியைக் குதித்துக் குதித்துப் பிடித்து இழுத்தாள். தோளில் ஏற்கெனவே ஒரு சுமை புடவை, தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. வடக்கே வானம் பழுப்பாகியிருந்தது. காற்றில் மெல்லிய கரி மணம்.

எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து, “பார்ரா, சுமதி பொண்ணு கண்ண! பெரியவங்க எங்க யாருக்குந் தெரில, இது பாத்துட்சி,” என்று கன்னத்தைக் கிள்ளினாள். “முத தபா இதான் கூவிச்சி.” தெருவே அவளைப் பார்த்துச் சிரித்தது. கீர்த்துவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கு நன்றாகத் தெரிந்த பெருமை அது.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை. விசில் வந்தது. துணிச் சுமையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தோள் ஏறி இறங்கியது. ஆனாலும் புடவைகளை மட்டும் விடவில்லை.

மாமா அவளைப் புடவைகளோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நான் கதவையும் ஜன்னலையும் அடைத்தேன். அக்கா பம்பை வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். கொஞ்ச நேரத்தில் விசில் குறைந்தது. கட்டிலில் தெருவின் துணிகள் குவிந்துகிடந்தன. அன்று யாரும் பிரித்துக்கொள்ள வரவில்லை.

அக்கா குழந்தையின் நெற்றியைத் துடைத்தாள். துடைத்த முந்தானையைப் பார்த்தாள். கறுத்திருந்தது.

“இட்டுகினு போ,” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தாம்பரம் சானடோரியத்தில் ஒரு மாடி வீடு பார்த்தேன். நுரையீரல் நோயாளிகளுக்கென்று அந்தக் காலத்திலேயே ஆஸ்பத்திரி கட்டத் தேர்ந்தெடுத்த ஊர். நல்ல காற்று எங்கே இருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அங்கேயும் குப்பை எரிக்கிறார்கள், மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கிறது. எந்தப் பத்திரிகைப் பட்டியலிலும் அந்தத் தெரு வராது. நான் பார்த்தது ஒன்றுதான். வீட்டுக்காரர் சமையலறையைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னல் விளிம்பில் விரலை இழுத்தேன். அவர் அவசரமாக, “பெருக்கிக் குடுத்துருவோம்மா,” என்றார். “வேணாம் சார், இதே போதும்,” என்றேன்.

கீர்த்துவின் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்டபோது தலைமை ஆசிரியை என்னையே பார்த்தார். எனக்கும் பாடம் எடுத்தவர். “நீயே இட்டுகினு போனா எப்டி ரேவதி? உன்னக் காட்டித்தான இங்க எல்லாப் பொண்ணையும் படிக்கச் சொல்றேன்,” என்றார். திட்டவில்லை. சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தோடு வெளியே வந்தபோது முதல் முறையாக, படித்ததற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. தெருவில் இழுப்புள்ள மற்ற குழந்தைகளுக்குச் சித்தி இல்லை, அல்லது சித்திக்கு வேலை இல்லை. படித்து வந்து ஊரை மாற்றுவேன் என்று பன்னிரண்டாம் வகுப்பில் மேடையேறிப் பேசியவள் நான். ஊரிலிருந்து ஒரு குழந்தையை வெளியே எடுத்துக்கொண்டு போகிறேன்.

மாமா ஒரு வாரம் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. சனிக்கிழமை காலை படகிலிருந்து வந்தவர் கையில் ஒரு சுருள் நைலான் கயிறு இருந்தது. நங்கூரத்துக்குக் கட்டுகிற பச்சைக் கயிறு, புதிது.

“கொடி கட்டறதுக்கு வெச்சிக்க,” என்றார். “எந்தக் காத்துக்கும் அறுவாது.”

கீர்த்து கேட்டாள்: “சித்தி, அங்க வாடை வந்தா யாரு கூவுவாங்க?”

அக்கா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கயிற்றைப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் நான் மட்டும் சானடோரியம் போய், மொட்டைமாடியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே அந்தக் கயிற்றை இழுத்துக் கட்டினேன். மாமா சொல்லிக்கொடுத்த முடிச்சு. கீர்த்துவின் புதுப்பள்ளிச் சீருடையை நனைத்துப் பிழிந்து அதில் காயப்போட்டேன். பூட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். முடியவில்லை. வடக்கே பார்த்தபடி, சட்டை காய்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.